எல் போர்டு மாட்டிய சாம்பியன்

தேசியப் புகழரங்கத்திலிருந்து வந்த அழைப்பை என் வீட்டுக்காரர் மூன்று முறை "லோன் வேண்டாங்க" என்று சொல்லித் துண்டித்தார். நான்காவது முறை மணி அடித்தபோது அவர் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிப் பாசி தேய்த்துக்கொண்டிருந்தார். அதனால் நான் எடுத்தேன்.

ஓர் இளைஞர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். மோட்டார் பந்தயத்தில் சாதித்தவர்களைக் கௌரவிக்க நம் கோயம்புத்தூரிலேயே ஒரு 'ஹால் ஆஃப் ஃபேம்' திறக்கிறார்களாம். முதல் வரிசையில் இடம்பெறுகிறவர்களில் சாரும் ஒருவராம். சாரிடம் பேச முடியுமா என்று கேட்டார். தொட்டிக்குள் இருக்கிறார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "மீட்டிங்ல இருக்கறாருங்க" என்றேன்.

மாடிக்குப் போய், தொட்டியின் வாய்க்குள் தலையை நீட்டிச் செய்தியைச் சொன்னேன்.

"எந்த ஹாலு?" என்று உள்ளேயிருந்து எதிரொலித்தது.

"ஹால் ஆஃப் ஃபேமுங்க. உங்களையும் அதுல சேத்துக்கறாங்களாமா."

"அதெல்லாம் செத்துப்போனவங்களுக்குத்தான?"

"இருக்கறவங்களுக்கும் உண்டாமா. மொதல்ல மேல வாங்க."

தலையில் பாசியோடு வெளியே வந்தார். சாதனையாளர் என்று சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். நானே நம்பவில்லை.

அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். சிங்காநல்லூரில் மில் இயந்திரங்களுக்கான உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். அது சோற்றுக்கு. இளவயதில் ராலி கார் ஓட்டினார். அது திமிருக்கு. ராலி என்றால் ட்ராக்கில் சுற்றிச் சுற்றி வருவதல்ல. காட்டுப் பாதை, எஸ்டேட் ரோடு, மலை வளைவு என்று ஒருவர் பின் ஒருவராகக் காரை விரட்டுவார்கள். குறைந்த நேரத்தில் போய்ச் சேருபவர் ஜெயித்தவர். ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, அடுத்த வளைவு இடமா வலமா, எவ்வளவு கூர்மை என்று கத்திக்கொண்டே வருவார். அவருக்கு நேவிகேட்டர் என்று பெயர்.

என் வீட்டுக்காரரின் நேவிகேட்டர் பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறவர். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். அந்தக் கணக்கில் இவர் அவருக்கு மாப்பிள்ளை. ஒவ்வொரு ராலியிலும் தவறாமல் வாந்தி எடுத்தவர், வாந்திக்கு நடுவிலும் ஒரு வளைவைக்கூடத் தப்பாகச் சொல்லாதவர். புகழரங்கத்துக்கு அதுவே போதுமான தகுதி என்பது என் அபிப்பிராயம்.

என் வீட்டுக்காரர் ஜெயித்திருக்கிறார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வீட்டில் இருந்தவளுக்குக் கோப்பையைவிட மாவுக்கட்டுதான் அதிகம் ஞாபகம் இருக்கிறது. ஓர் ஓடைக்குள் காரை நிறுத்தியிருக்கிறார். ஒரு டீக்கடைக்குள் நிறுத்தியிருக்கிறார். எஸ்டேட் மேனேஜர் ஒருவரின் ரோஜாத் தோட்டத்தில் நிறுத்திவிட்டு, இறங்கி, அவரிடமே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்திருக்கிறார். நிறுத்த வேண்டும் என்று நினைத்து நிறுத்திய இடம் அதில் ஒன்றும் இல்லை.

செய்தி தெருவுக்குள் பரவியது. எதிர்வீட்டு அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க டீச்சர், ஹால் கெடைச்சிருச்சாமா? யாருக்குங்க கல்யாணம்?" என்றார். நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப சாப்பாடு உண்டுங்களா இல்லீங்களா?" என்றார். உண்டு என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

சபையில் இன்னும் மோசம். ராலி எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நடக்கும். அதனால் என் வீட்டுக்காரர் தன் இளமை முழுவதும் ஆராதனைக்கு மட்டம் போட்டவர். அதையெல்லாம் ஆயர் பெருந்தன்மையோடு மறந்துவிட்டு, பலிபீடத்துக்கு முன்னால் நின்று அவர் பெயரைச் சொல்லி, ஓட்டத்தை ஓடி முடிப்பதைப் பற்றிய ஒரு வசனத்தை உருக்கமாக வாசித்தார். அந்த வசனத்தை எங்கள் சபையில் வழக்கமாக அடக்க ஆராதனையில்தான் வாசிப்பார்கள். எனக்குப் பின்னால் இருந்த ஒரு வயதான அம்மா, காது கொஞ்சம் மந்தம், என் தோளைப் பிடித்து, "எப்பங்க கண்ணு ஆச்சு? எனக்கு ஆருமே சொல்லல பாருங்க" என்று கண் கலங்கினார். இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைக் காட்டினேன். திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார். அந்த அம்மாவுக்கு மூச்சு சரியாக ஒரு பாட்டு முழுவதும் ஆயிற்று.

பிறகு அந்த இளைஞர் வீட்டுக்கு வந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கச் சாரின் பொருட்கள் ஏதாவது வேண்டும் என்றார். போட்டி உடுப்பு, ஹெல்மெட், கோப்பை. உடுப்பு என்றோ எலிக்கு இரையாகிவிட்டது. மிஞ்சியிருந்தாலும் அதற்குள் அவருடைய ஒரு கால்தான் நுழையும். ஹெல்மெட் பரண்மேல் இருந்தது. அதை எங்கள் மகள் பள்ளியில் படிக்கும்போது, பெரிய வெள்ளி நாடகத்தில் ரோமப் போர்வீரன் வேஷத்துக்காக வெள்ளி பெயின்ட் அடித்துப்போட்டாள். இளைஞர் அதைக் கையில் வாங்கி, "சார், சில்வர்தான் உங்க டீம் கலரா?" என்று பரவசமாகக் கேட்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். "ஆமாங்க" என்றார்.

கோப்பைக்குத்தான் சங்கடம். இரண்டு காது வைத்த அந்தப் பெரிய கோப்பையில்தான் நான் அரிசி அளந்துகொண்டிருந்தேன். ஒரு கோப்பை போட்டால் இரண்டு பேருக்கும் வேலைக்கார அம்மாவுக்கும் சரியாக இருக்கும். அளவு கைக்குப் பழகிவிட்டது. "அதைக் குடுத்துட்டா நான் எதுல அளக்கறது?" என்று சமையலறையில் வைத்துக் கேட்டேன்.

"ஏ அம்மணி, அது தென்னிந்தியா பூரா ஓட்டி வாங்குனது."

"இத்தனை வருசமா அரிசிக்குள்ள கெடந்துச்சே, அப்பத் தெரியலீங்களா?"

கடைசியில் கொடுத்துவிட்டேன். அடுத்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் சோறு ஒரு நாள் குழைந்தது, ஒரு நாள் பத்தவில்லை.

இதெல்லாம் பரவாயில்லை. அடுத்து வந்த கோரிக்கைதான் எங்களைக் கவிழ்த்தது. திறப்பு விழாவில் ஓர் அணிவகுப்பு உண்டு, ஒவ்வொரு வீரரும் தான் அந்தக் காலத்தில் ஓட்டிய மாடல் காரைத் தானே ஓட்டி மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும், இன்சூரன்ஸுக்காக டிரைவிங் லைசென்ஸ் நகல் ஒன்று அனுப்புங்கள் என்றார்கள்.

பர்ஸிலிருந்து லைசென்ஸை எடுத்தார். படத்தில் அவருக்கு மீசை கன்னங்கரேல் என்று இருந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். காலாவதியாகிப் பல வருடம் ஆகியிருந்தது. அத்தனை வருடமும் இந்த மனிதர் லைசென்ஸ் இல்லாமல் ஊரெல்லாம் காரை ஓட்டியிருக்கிறார். வகுப்பில் அடிக்கோல் வைக்காமல் கோடு போட்டாலே ஏற்றுக்கொள்ளாத ஒரு கணக்கு டீச்சர் அத்தனை வருடமும் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறாள்.

"ஏனுங்க, இதைப் புதுப்பிக்கோணும்னு தெரியாதுங்களா?"

"என்னைய ஆரு நிறுத்திக் கேக்கறா?"

"நானே கேக்கறேன் இப்ப."

ஆர்.டி.ஓ. ஆபீஸில் விசாரித்ததில், இத்தனை காலம் விட்டுப்போட்டதால் எல்.எல்.ஆரிலிருந்து தொடங்க வேண்டும், ஒரு மாதம் கழித்து ஓட்டிக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். விழாவுக்கு நாள் இருந்தது. அவர் அசரவில்லை. கம்ப்யூட்டரில் சாலைக் குறியீடுகளைக் காட்டிக் கேள்வி கேட்டார்கள். மயிரிழையில் தேறி வெளியே வந்து, "முந்தக்கூடாதுன்னு ஒரு போர்டு இருக்குது அம்மணி, உனக்குத் தெரியுமா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார்.

டிரைவிங் ஸ்கூலில் சேருங்கள் என்று சொன்னது நான். நான் கார் பழகியதும் அங்கேதான். முதலில் இவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுக்க முயன்றார். பல்லடம் ரோட்டில் சூலூர் தாண்டும்வரை இடைவிடாமல் கத்திக்கொண்டே வந்தார். நான் காரை ஓரமாக நிறுத்தி, சாவியை அவர் மடியில் போட்டுவிட்டு, எதிரே வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த நாள் ஸ்கூலில் சேர்ந்து, முதல் முயற்சியிலேயே லைசென்ஸ் வாங்கினேன்.

இப்போது அந்த ஸ்கூலில் பயிற்சி கொடுப்பது ஓர் இளம்பெண். கைக்குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வருவாள். காலையிலேயே களைத்துப்போன முகம். அவள் காலடியில் தனி பிரேக் ஒன்று உண்டு. முதல் நாள் நானும் பின் இருக்கையில் உட்கார்ந்து போனேன். குளத்துப் பக்கம் வளைவு வந்ததும் என் வீட்டுக்காரர் பழைய நினைப்பில் ஒரே கையால் ஸ்டீயரிங்கைச் சுழற்றினார். அவள் தன் பிரேக்கை மிதித்தாள். நான் முன் இருக்கையில் மூக்கை இடித்துக்கொண்டேன்.

"ஏனுங்கய்யா, எங்க போறதுக்குங்க இத்தனை அவசரம்?"

"வளைவுக்குள்ள பிரேக் போடக்கூடாதுங்க அம்மணி. பின்சக்கரம் வழுக்கீரும்."

"இந்த வெசைக்கு எங்கீங்க வழுக்கும்? ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல வைங்க. முன்னாடி ஓட்டிப் பழக்கம் இருக்குதுங்களா?"

அவர் இரண்டாவது கையையும் ஸ்டீயரிங்கில் வைத்தார். "கொஞ்சம்" என்றார்.

வண்டியை விட்டு இறங்கியதும் அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "மேடம், தப்பா நெனைச்சுக்காதீங்க. புதுசா வாரவங்களுக்குச் சொல்லிக்குடுத்தறலாமுங்க. அய்யா எங்கயோ ஒரு மோசமான ஆளுகிட்டக் கத்துட்டு வந்துட்டாருங்க. அதை மறக்க வைக்கறதுதான் செரமம்."

அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, அவராகவே கற்றுக்கொண்டார் என்று நான் சொல்லவில்லை. அவளுக்கு இன்னும் பயமாகிவிடும்.

எங்கள் சொந்தக் காரிலும் சிவப்பு எழுத்தில் எல் போர்டு ஒட்டினோம். அவர் அதைக் கடைக்குப் போனதும் கிழித்துவிடுவார். நான் சாயங்காலம் புதிதாக ஒட்டுவேன். லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் அந்த மாதம் முழுக்க நான் கடைக்கும் வீட்டுக்குமாகக் கூடவே போய்வந்தேன். பக்கத்துக் கடை லேத் பட்டறைக்காரர், "டீச்சர், சார் எப்படி ஓட்டறாருங்க? தேறுவாருங்களா?" என்று தினமும் விசாரித்தார்.

டெஸ்ட் நாள் வந்தது. மைதானத்தில் இரும்புக் கம்பம் நட்டு, எச் வடிவத்தில் பாதை போட்டிருந்தார்கள். முன்னால் போய், பின்னால் வந்து, திரும்பி, மறுபடி பின்னால் வந்து கம்பத்தில் படாமல் முடிக்க வேண்டும். வரிசையில் காலேஜ் பெண்களும் கேட்டரிங் வேன் ஓட்டுகிற ஒருவரும் நின்றிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஓரத்தில் மர நிழலில் நின்றிருந்தார்.

என் வீட்டுக்காரர் முறை வந்ததும் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதே அசைவை மேட்டுப்பாளையம் மலையடிவாரத்தில் தொடக்கக் கொடிக்கு முன்னால் பார்த்திருக்கிறேன். அடுத்த நாள்தான் மாவுக்கட்டு.

எஞ்சின் ஒருமுறை உறுமியது. புழுதி கிளம்பியது. புழுதிக்குள் கார் முன்னால் போனதும் தெரிந்தது, பின்னால் வந்ததும் தெரிந்தது. நடுவில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஹேண்ட் பிரேக் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. காலேஜ் பெண்கள் கைதட்டினார்கள். ஒரு கம்பம்கூட விழவில்லை என்பதை நான் சொல்லத்தான் வேண்டும். கார் நின்றது. அவர் கண்ணாடி வழியாகத் தலையை நீட்டி இன்ஸ்பெக்டரிடம் கேட்டார்:

"எத்தனை செகண்டுங்க?"

இன்ஸ்பெக்டர் முகத்திலிருந்த புழுதியைக் கைக்குட்டையால் துடைத்தார். கோபப்படவில்லை. "இங்க நேரம் பாக்கறது இல்லீங்கய்யா" என்றார். "சீட் பெல்ட் போட்டீங்களா?"

இல்லை.

"இண்டிகேட்டர்?"

இல்லை.

"பின்னால வாரப்போ கண்ணாடி பாத்தீங்களா?"

"பாக்கறதுக்கு நேரமில்லீங்க."

"அடுத்த வாட்டி நேரத்தோட வாங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கேட்டரிங் வேன்காரரைக் கூப்பிட்டார்.

சீட் பெல்ட்டைப் பற்றி வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். நான்தான் ஓட்டினேன். "ராலில எப்பவும் மச்சான்தான் மாட்டி உடுவான்" என்றார். "அது என்ற வேலைன்னே எனக்குத் தோணினது இல்ல."

மறு டெஸ்டுக்கு அவர்கள் கொடுத்த தேதி விழாவுக்குப் பிறகுதான் வந்தது. அதைக் கேட்டதும் அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. தொட்டுப் பார்த்தால் உடம்பு ஐஸ் மாதிரி இருந்தது. ஆனாலும் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு, விழாவுக்கு வரவில்லை, மெடலைக் கொரியரில் அனுப்பச் சொல் என்றார்.

நான் பல்லடத்துக்குப் போன் போட்டேன். நேவிகேட்டர் அன்று சாயங்காலமே ஒரு தட்டு முட்டையோடு வந்து இறங்கினார். விஷயத்தைச் சொன்னேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நின்றதும் மறுபடி சிரித்தார். போர்வைக்குள்ளிருந்து, "சிரிச்சு முடிச்சுட்டயாடா?" என்று கேட்டது.

"இரு மாப்ள, இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குது."

கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் ஓட்டறேன்னு சொல்லீரலாம். ஆனா கண்ணு ஆப்பரேசன் பண்ணி இன்னும் சொட்டு மருந்து உட்டுட்டு இருக்கறேன். மைதானத்துல மேடை எது, ரோடு எதுன்னு தெரியோணுமில்ல" என்றார்.

பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அறையில் செல்லுபடியாகும் லைசென்ஸும் ரோடு தெரியும் கண்ணும் சேர்ந்து என்னிடம் மட்டும்தான் இருந்தன.

"தங்கச்சி ஓட்டட்டும்" என்றார் நேவிகேட்டர்.

போர்வை விலகியது. "இவளா? பழைய பெட்டிக் காரு அது! ஸ்டீயரிங்ல கியரு!"

அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் மறுத்திருப்பேன். சத்தியமாக எனக்கு அந்தக் காரை ஓட்டும் ஆசை கிடையாது. ஆனால் அந்த "இவளா" காதில் விழுந்த பிறகு வேறு வழியில்லை. புகழரங்கத்து இளைஞருக்கு நானே போன் செய்து, சாருக்குக் காய்ச்சல், கார் நான் ஓட்டுகிறேன், சார் பக்கத்தில் உட்கார்ந்து கை அசைப்பார் என்றேன். "சூப்பர் மேடம், ரொம்ப எமோஷனலா இருக்கும்" என்றார் அவர்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் ஆராதனைக்குப் போய்விட்டு, கோட்டு சூட்டோடு கிளம்பினோம். கோட்டு மகளின் கல்யாணத்துக்குத் தைத்தது. பொத்தான் போட்டால் மூச்சு விட முடியாது, மூச்சு விட்டால் பொத்தான் போட முடியாது. அரங்கத்துக்குள் நல்ல ஏ.சி., நல்ல விளக்கு. சுவரெல்லாம் பெரிய பெரிய படங்கள். ரோமப் போர்வீரனின் ஹெல்மெட் கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளத்தது. ஒரு வழிகாட்டிப் பெண் அதன் வெள்ளி நிறத்தைப் பற்றி விருந்தினர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பெட்டியில் என் அரிசிக் கோப்பை. குனிந்து பார்த்தேன். அடியில் ஓர் அரிசி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரரின் படம் சுவரில் ஆளுயரத்துக்கு இருந்தது. மண் மேட்டிலிருந்து கார் தாவி, நான்கு சக்கரமும் காற்றில் நிற்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு முகம். கீழே ஒரே ஒரு பெயர். என் வீட்டுக்காரர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இளைஞரைக் கூப்பிட்டார்.

"தம்பி, இதுல ரெண்டு பேரு இருக்கறமே."

"இது டிரைவர்ஸ் கேலரி சார்."

"சரிங்க. இவன் இல்லாம அந்த மேட்டுக்கு அக்கட்ட என்ன இருக்குதுன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காதுங்க."

நேவிகேட்டர் படத்துக்கு ரொம்பப் பக்கத்தில் போய், ஆப்பரேசன் செய்த கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அட விடு மாப்ள. நல்லாப் பாரு, கண்ணை இறுக்கி மூடிட்டு இருக்கறேன். கீழ பேரு போட்டா மானம் போயிரும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தப் படத்தின் முன்னாலிருந்து உடனே நகரவில்லை.

அணிவகுப்புக்குக் கூப்பிட்டார்கள். யாரோ ஒரு சேகரிப்பாளரின் கார். மெருகு போட்டு நிறுத்தியிருந்தார்கள். விழா தொடங்கும் முன்பே மைதானத்தின் பின்பக்கம் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்திருந்தேன். குடைக் காம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த கியரும், ஆட்டுக்கல் மாதிரி இருந்த கிளட்சும் ஓரளவு பிடிபட்டிருந்தன. நான் ஏறினேன். என் வீட்டுக்காரர் இடப்பக்கம் ஏறினார். யாரும் கூப்பிடாமலேயே நேவிகேட்டர் பின்னால் ஏறிக்கொண்டார்.

"நீ எதுக்குடா?"

"உங்க ரெண்டு பேரையும் தனியா உட்டா நான் நிம்மதியா இருக்க முடியுமா?"

கிளம்பினோம். முன்னால் ஆறேழு கார். இருபுறமும் கூட்டம், மேடை, பந்தல், பேண்டு வாத்தியம். நேவிகேட்டர் பின்னாலிருந்து நிதானமாக, "இடது, சுளுவா. இப்ப நேரா. அடுத்தது வலது, கொஞ்சம் இறுக்கமா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்தக் குரலைக் கேட்டால் யாரும் ஓட்டிவிடலாம் என்று தோன்றியது. என் வீட்டுக்காரர் இல்லாத பிரேக்கை இடது பக்கம் மிதித்துக்கொண்டே வந்தார். "கியரு! கியரு மாத்து! கிளட்சு எங்க போச்சு?"

"வாயை மூடிட்டுக் கையை ஆட்டுங்க" என்றேன்.

சரியாக மேடைக்கு நேர் முன்னால் எஞ்சின் நின்றுவிட்டது.

சாவியைத் திருப்பினேன். இருமியது. மறுபடி திருப்பினேன். இருமவும் இல்லை. மைக்கில் என் வீட்டுக்காரரின் சாதனைகளை வாசித்துக்கொண்டிருந்தவர் வாசித்து முடித்துவிட்டார். அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து இறங்கினார். கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். காரின் பின்பக்கம் போய்க் குனிந்து தள்ளத் தொடங்கினார்.

கூட்டம் அதை நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டது. விசில் பறந்தது. பேண்டுக்காரர்கள் தாளத்தை உயர்த்தினார்கள். கார் நகர்ந்தது. "இப்ப கிளட்சை உடு!" என்று பின்னாலிருந்து இரண்டு குரல் ஒட்டுக்காகக் கேட்டது. விட்டேன். கார் ஒரு குலுக்குக் குலுங்கிக் கிளம்பியது. கிளம்பியதும் எனக்கு ஒரே ஒரு பயம்தான், நிறுத்தினால் மறுபடி நின்றுவிடுமே என்று. அதனால் நிறுத்தவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கோட்டு பறக்கக் கொஞ்ச தூரம் பின்னால் ஓடி வந்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

மீதிச் சுற்றில் காரில் இருந்தது நானும் நேவிகேட்டரும்தான். மைக்கில் மூன்றாவது முறையாகச் சாதனைப் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. இவர்தான் அந்த வீரர் என்று ஜனம் நினைத்துக் கைதட்டியது. பெண்கள் எழுந்து நின்று போன் நீட்டிப் படம் எடுத்தார்கள். முதலில் நேவிகேட்டர் "நானில்லீங்க, நானில்லீங்க" என்று கையை ஆட்டினார். கையை ஆட்டியதும் கைதட்டல் இன்னும் கூடியது. அடுத்த வளைவுக்குள் மனசு மாறிவிட்டது. இரண்டு பக்கமும் கண்ணாடியை இறக்கிவிட்டு, இரண்டு கையாலும் மந்திரி மாதிரி ஆட்டிக்கொண்டே வந்தார். வளைவு சொல்வதை நிறுத்திவிட்டார். நானாகத்தான் திரும்பினேன்.

மேடையில் என் வீட்டுக்காரருக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சால்வை போட்டார்கள், மெடல் போட்டார்கள், இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். ஒரு வாரமாக ஆங்கிலத்தில் எழுதி மனப்பாடம் செய்தது ஓடும்போது எங்கோ விழுந்துவிட்டது போலிருக்கிறது.

"காரை ஓட்டுனது என்ற ஊட்டுக்காரிங்க" என்றார். "கையை ஆட்டுனது என்ற நேவிகேட்டருங்க. படத்துல அவம் பேரு உட்டுப்போச்சு, போட்டுருங்க. நான் தள்ளுனேன். ஓட்டியிருப்பேன், ஆனா டிரைவிங் டெஸ்ட்ல பெயிலாயிட்டேனுங்க. லைசென்ஸ் இல்லீங்க."

மைதானம் அதிர்ந்தது. தலைமை விருந்தினர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். என் வீட்டுக்காரர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "நெசமாத்தானுங்க" என்றார். அதற்கு இன்னும் சிரித்தார்கள். மறுநாள் பேப்பரில், தமக்கே உரிய நகைச்சுவையோடும் தன்னடக்கத்தோடும் பேசினார் என்று போட்டிருந்தது. தன்னடக்கம் என்ற சொல்லை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மறு டெஸ்டில் சீட் பெல்ட் போட்டு, இண்டிகேட்டர் போட்டு, மூன்று கண்ணாடியும் பார்த்து, மாட்டு வண்டி வேகத்தில் எச் போட்டுப் பாஸ் செய்தார். டிரைவிங் ஸ்கூல்காரர்கள் பேப்பரைப் பார்த்துவிட்டு, சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். மெடலோடு அவர் படம். 'எங்களிடம் பயின்று தேசியப் புகழரங்கத்தில் இடம்பெற்ற மாணவர்' என்று கீழே எழுதியிருந்தது. அவர் கொதித்தார். நான் அதன் முன்னால் நின்று ஒரு படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். புகழரங்கத்தில் படத்தின் கீழே இரண்டாவது பெயரையும் சேர்த்துவிட்டார்கள். எழுத்துப்பிழையோடுதான் சேர்த்தார்கள். நேவிகேட்டர் பண்ணை ஆட்களை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தார்.

லைசென்ஸ் வந்ததிலிருந்து என் வீட்டுக்காரர் தாங்க முடியாத ஒழுக்கசீலராகிவிட்டார். மஞ்சள் விளக்குக்கே நிற்கிறார். பின்னால் ஊரே ஹாரன் அடிக்கிறது. போன மாதம் தாராபுரத்தில் என் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். போகும்போது அவர்தான் ஓட்டினார். முந்தக்கூடாத இடத்தில் ஒரு டவுன் பஸ் எங்களை முந்திப் போயிற்று. டிரைவர் எட்டிப் பார்த்து, "பெருசு, தூங்கிட்டயா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கே சுருக்கென்றது. அவர் பஸ்ஸுக்கு வழிவிடப் போட்ட இண்டிகேட்டரை அணைத்துக்கொண்டே, "போகட்டும், அவனுக்கு என்ன அவசரமோ" என்றார்.

கல்யாணத்தில் பிரியாணி பலமாக இருந்தது. திரும்பும்போது முழங்கால் வலிக்கிறது என்று சாவியை என்னிடம் கொடுத்தார். சீட் பெல்ட்டை அவரே மாட்டிக்கொண்டார். ஏதாவது சொல்வார், கியரைப் பற்றி, கிளட்சைப் பற்றி என்று நான் காத்துக்கொண்டே ஓட்டினேன். பல்லடம் தாண்டும்போது திரும்பிப் பார்த்தால் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் ஓட்டி அவர் தூங்கியது அதுதான் முதல் தடவை. ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தேன்.

சிங்காநல்லூர் சிக்னலில் நின்றபோது விழித்துக்கொண்டார். வெளியே பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அதுக்குள்ள வந்துட்டமா?" என்றார். "பரவாயில்ல அம்மணி. வெசையாத்தான் வந்திருக்கற."